நெட்டையின் பேரில் ஒன்பது நாள்

மெடல் என்று அவருக்குப் பேர் வைத்தது ராணுவமும் இல்லை, ஊரும் இல்லை, கட்டிய மனைவி. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து போர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தபோது, "நியாயமாப் பார்த்தா எனக்கு ஒரு மெடல் வரணும்" என்று வாயை விட்டார். "எப்ப வரும் மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார். அத்தோடு சிரித்து மழுப்பியிருக்கலாம். "ஆறு மாசத்துல வந்துடும் மாமா" என்று கெடுவும் சொல்லித் தொலைத்தார். ஆறு மாதம் போனது, ஆறு வருடம் போனது, மாமனாரும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் மனைவிக்குப் பழகிவிட்டது. "மெடல் சார், சாப்பிட வாங்க." "மெடல் சார், குழாயில தண்ணி வருது, ரெண்டு பக்கெட் பிடிச்சு வைங்க." முதலில் கேலியாகச் சொன்னாள், பிறகு கோபமாகச் சொன்னாள், கடைசியில் வெறும் பேராகச் சொன்னாள். அந்தக் கடைசிதான் அவரை அதிகம் குத்தியது.

பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருத்தர் பேசுவார், ஒருத்தர் கேட்டுக்கொள்வார். எந்த வேலை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பேர் வீட்டோடு நிற்கவில்லை. மைத்துனன் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்து, "மெடல் எங்கே?" என்று வாசலில் கேட்டதிலிருந்து வேலை பார்க்கும் கட்டடத்துக்கும் பரவிவிட்டது. எட்டு மாடிக் கட்டடம், ஒரே ஒரு லிஃப்ட். அது அங்கே இருக்கிற கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் மூத்தது. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பிப் பிடித்து, மாடி வருவதற்கு ஒரு சாண் முன்னால் கையை எடுக்க வேண்டும். பழகாதவர் தொட்டால் அரையடி மேலேயோ கீழேயோ நிற்கும். இறங்குகிறவர்கள் தடுக்கி விழுந்து திட்டுவார்கள். அதனால் பட்டனை அமுக்கும் காலம் வந்த பிறகும் அவருக்கு ஒரு முக்காலியும் காக்கிச் சட்டையும் மிச்சமிருந்தன. "மெடல், நாலு." "மெடல், எட்டு. சீக்கிரம்." இரண்டாம் மாடி இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த பெண் ஒருத்தி அதுதான் அவருடைய சொந்தப் பேர் என்று நினைத்து, தன் கல்யாணப் பத்திரிகையில் 'திரு. மெடல் அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதிக் கொடுத்தாள். மனைவி அதை ஒரு மாதம் அலமாரிக் கண்ணாடியில் சொருகி வைத்திருந்தாள்.

ஆறாவது மாடியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருந்தது. லிஃப்ட் வேலையை அவர் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். பக்கத்தில் இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் விஷயம் தானாக அசையும் என்று ஒரு நப்பாசை. ஆனால் இருபது வருடமாக அங்கே ஒரு மனு கொடுத்ததில்லை. கோப்பே எழுந்து நடந்து வந்து லிஃப்டில் ஏறும் என்று நினைத்தாரோ என்னவோ.

வருடத்துக்கு ஒருநாள் அந்த ஆபீஸ் ஹாலில் போர் நினைவுக் கூட்டம் நடக்கும். பதக்கம் வாங்கியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. மற்ற முன்னாள் சிப்பாய்கள் பின்னால் சுவரோரமாக நிற்க வேண்டும். மெடலும் அரை மணி நேரம் லிஃப்டைப் பூட்டிவிட்டு வந்து நிற்பார். முன்வரிசையில் முதல் நாற்காலி எப்போதும் நெட்டையின் மனைவிக்கு. பத்து நாள் குன்றின்மேல் ஒற்றை ஆளாக வயர்லெஸ் செட்டைக் காப்பாற்றி, கடைசி நாளில் உயிரை விட்டவன் நெட்டை என்பது ஊரறிந்த கதை. அந்த அம்மாள் வீட்டுக் கேட்டில் பித்தளைப் பலகை உண்டு. அதில் அவன் பேரும் பதக்கத்தின் பேரும் இருக்கும். வாரம் ஒருமுறை அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். கூட்டத்துக்கு வரும்போது அவளுடைய குடையையும் கைப்பையையும் வாங்கி வைத்துக்கொள்வது மெடல்தான். நெட்டை அவரைவிட இரண்டு வயது மூத்தவன். அதனால் அவர் அவளை அண்ணி என்பார், அவள் தம்பி என்பாள்.

அந்த வருடம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்திருந்தாள். சுவரோரம் குடையோடு நின்றவரைக் காட்டி, "அவரும் அந்தப் போர்ல இருந்தாராம்மா?" என்று கேட்டாள்.

"இருந்தாரு, இருந்தாரு. பேட்டரி தூக்குறவரு" என்றாள் நெட்டையின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் மேல ஒத்தை ஆளா செட்டைக் கட்டிக்கிட்டுக் கிடந்தப்போ, இவரு கீழே ஷெட்ல படுத்துத் தூங்கிட்டு இருந்தாரு. குறை சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். நான் வந்தா லிஃப்டைத் திறந்து விடுவாரு."

முன்வரிசை சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்ன பேச்சில்லை அது. உண்மை என்று நம்பிச் சொன்ன பேச்சு. அதனால்தான் மெடலால் தாங்க முடியவில்லை. குடையை அவள் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார். லிஃப்டைத் திறந்து, ஒருத்தரும் இல்லாமல் எட்டாவது மாடிவரை போய், அங்கேயே பத்து நிமிடம் நின்றார். கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நடந்தது வேறு. குன்றின் உச்சியில் ஒரு பதுங்குகுழி. அதில் கேப்டன், பதினோரு பேர், ஒரு வயர்லெஸ் செட். ஏழு மைல் பின்னால் நம் பீரங்கிகள். எதிரி எங்கே நகர்கிறான் என்று மேலிருந்து பார்த்து, இடத்தை எண்களாக்கி மோர்ஸில் தட்டி அனுப்ப வேண்டும்; அந்த எண்ணை நம்பித்தான் பீரங்கி சுடும். ஓர் எண் பிசகினால் குண்டு நம் ஆள் தலையிலேயே விழும். ஆகவே பரீட்சை எழுதித் தேறிய ஆபரேட்டரைத் தவிர வேறு கை செட்டில் படக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். பட்டது தெரிந்தால் அந்தச் செட்டையே மூடிவிடுவார்கள். குன்றில் ஒரே ஆபரேட்டர் நெட்டை. மெடலுக்கு வேலை, தீர்ந்த பேட்டரியை முதுகில் கட்டி அடிவாரத்து ஷெட்டுக்கு இறக்கி, சார்ஜ் ஏற்றியதை மேலே தூக்கி வருவது. அடிவாரத்தில் ஒரு காவலாள் நோட்டு வைத்திருப்பான். இறங்கினால் அதில் ஒரு கையெழுத்து, ஏறினால் ஒரு கையெழுத்து.

முதல் நாள் அவர் இறங்கினார், கையெழுத்துப் போட்டார். ஏறப் புறப்பட்டபோது ஷெல் விழ ஆரம்பித்தது. காவலாள் நோட்டோடு எங்கோ பதுங்கிவிட்டான். அவனைத் தேடிக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் ஏற அவர் ஒன்றும் பைத்தியம் இல்லை. பேட்டரியோடு ஓடினார். நோட்டின் கணக்குப்படி அன்றைக்கு இறங்கியவர் இன்றுவரை ஏறவில்லை.

மறுநாள் காலை நெட்டை ஒண்ணுக்குப் போகக் குழியை விட்டு வெளியே வந்தான். பத்தடி தூரம். ஒரே குண்டு. கால்சட்டைப் பொத்தானைக்கூடப் போடவில்லை. அப்படியும் மனிதர்கள் சாகிறார்கள். சண்டையில் பாதிப் பேர் அப்படித்தான் சாகிறார்கள்.

கேப்டன் செட்டைப் பார்த்தார், பிறகு பேட்டரி தூக்குகிறவனைப் பார்த்தார். "உனக்குத் தட்டத் தெரியுமா?"

"அவர் பக்கத்துலயே உட்கார்ந்து எட்டு மாசமாப் பார்த்திருக்கேன் சார்."

"அப்போ தட்டு. அவன் பேர்லயே தட்டு, அவன் பேர்லயே எழுது. இறங்கினதும் நான் உன் பேருக்கு மாத்தி எழுதித் தர்றேன்."

ஒன்பது நாள் தட்டினார். வலது கை வீங்கியபோது இடது கையால் தட்டினார். ஓர் எண் பிசகவில்லை. தட்டியதைக் குறித்து வைக்கும் லாக் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பில் நெட்டையின் பேரை எழுதினார். நெட்டை பத்தடி தள்ளி ஒரு கித்தான் துணிக்கு அடியில் கிடந்தான். கடைசி நாள் மத்தியானம் கேப்டன் செத்தார், எழுதித் தருகிறேன் என்ற பேச்சும் அவரோடு போனது. உயிரோடு இறங்கியவர்கள் ஐந்து பேர். மெடலைக் காய்ச்சலில் நினைவு தப்பிய நிலையில்தான் இறக்கினார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரி. நினைவு தெளிந்து உட்கார்ந்தபோது, மற்ற நான்கு பேரை ஒருத்தரும் கேட்காமல், லாக் புத்தகத்தைப் பார்த்தே நெட்டைக்குப் பதக்கம் அறிவித்து முடித்திருந்தார்கள். கைக்குழந்தையோடு அவன் மனைவி அதை வாங்கும் படத்தை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, நோட்டைப் புரட்டிவிட்டு, "நீ எங்கே இருந்தே?" என்று கேட்டார்.

"கீழே இருந்தேன் சார்" என்றார்.

இருபத்திரண்டு வயதில் எதை வேண்டுமானாலும் தூக்கிக் கொடுத்துவிடலாம், நிறையப் பாக்கி இருக்கிறது என்று ஒரு நினைப்பு. பாக்கி ஒன்றும் இருக்கவில்லை. அதிகாரியிடம் விட்டுக்கொடுத்ததை மாமனாரிடம் விட்டுக்கொடுக்க முடியாமல் போனதுதான் மிச்சக் கதை.

கூட்டம் முடிந்த மறுவாரம் அவர் ஆறாவது மாடியில் லிஃப்டைப் பூட்டிவிட்டு, பயணியைப் போல உள்ளே போனார். சூப்பிரண்டு அம்மாள் ஐம்பது வயதுக்காரி, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிற பழக்கம் உள்ளவள். முழுதும் கேட்டாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"சொல்லலம்மா."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

அவள் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஆனால் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "ஒண்ணு புரிஞ்சுக்கங்க. அந்த ஒன்பது நாள் இருக்கறதே ஒண்ணுதான், ரெண்டு கிடையாது. உங்களுக்குக் கொடுக்கணும்னா அவர்கிட்டேயிருந்துதான் எடுக்கணும். அவரு ரெண்டாம் நாளே போயிட்டாருன்னு எழுதினா, அந்த மெடலுக்கு ஆதாரமே இல்ல. அந்த அம்மா இங்க வந்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். போட்டுத்தான் ஆகணுமா?"

அவருக்கு நெட்டையின் ஞாபகம் வந்தது. தட்டக் கற்றுக்கொள்ள விட்டவன், ரொட்டியைப் பங்கு பிரிக்கும்போது பெரிய துண்டைத் தள்ளிவிட்டவன். பின்னாடியே முன்வரிசைச் சிரிப்பும் காதில் விழுந்தது. "போடணும்" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போட்டார், அழுத்தமாக, காகிதத்தின் மறுபக்கம் தடம் தெரியும்படி.

சாட்சி வேண்டும் என்றார்கள். குன்றிலிருந்து இறங்கிய மற்ற நான்கு பேரும் இப்போது இல்லை. ஆனால் இன்னொருத்தர் இருந்தார்: பீரங்கிப் பக்கம் உட்கார்ந்து, குன்றிலிருந்து வந்ததை எல்லாம் ஹெட்போனில் கேட்டு எழுதிய ஆபரேட்டர். கூர்மையான காது என்பதால் படையில் அவருக்கே 'காது' என்று பேர். மோர்ஸ் தட்டுகிறவர்களுக்குள் ஒரு விஷயம் உண்டு. எழுத்து ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொருத்தர் தட்டுவதும் ஒவ்வொரு மாதிரி. பழகியவர்களுக்கு, பேரே கேட்காமல், இது இன்னார் கை என்று தெரிந்துவிடும். அப்படியானால் காதுக்கு இரண்டாம் நாளே தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருடமாக இதை நினைத்துத்தான் மெடல் பல் துலக்கியிருக்கிறார்.

காது இப்போது மகன் வீட்டு மாடியறையில் இருந்தார். எண்பதை நெருங்கும் வயது. இரண்டு காதும் அடியோடு போய்விட்டன. மருமகள் வாசலிலேயே, "என்ன கத்தினாலும் கேக்காதுங்க, எழுதித்தான் காட்டணும்" என்று ஒரு சிலேட்டைக் கொடுத்தாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய பதக்கம் தொங்கியது. அதே பத்து நாளும் கேட்டு எழுதியதற்காகக் கொடுத்தது. மெடல் சிலேட்டில் எழுதப் போனார். பிறகு அதை ஓரமாக வைத்தார். கிழவரின் உள்ளங்கையைப் பிடித்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் விரல் கணுவால் தட்ட ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் காலையில் அனுப்பிய எண்கள்.

மேசை அதிர்ந்தது. கிழவரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. பாதியில், மெடல் தட்டுவதற்கு முன்பே, அடுத்த எண்ணை அவர் வாய்விட்டுச் சொன்னார்.

"நீயா?" என்றார் உரத்த குரலில். காது கேளாதவர்களுக்கு எல்லாம் உரத்த குரல்தான். "ரெண்டாம் நாள் மத்தியானமே கை மாறிடுச்சு. நெட்டை வெட்டி வெட்டி அடிப்பான். நீ ஒவ்வொரு கோட்டையும் இழுத்தே. பள்ளிக்கூடத்துல படிக்காத கைன்னு அப்பவே தெரியும்."

மெடல் சிலேட்டில் எழுதினார்: 'ஏன் சொல்லவில்லை?'

"சொன்னா செட்டை மூடியிருப்பாங்க. மூடினா பீரங்கிக்குக் கண்ணு போயிடும்."

'போர் முடிந்த பிறகு?'

கிழவர் வெட்கப்படவில்லை. "அப்புறம் அவனுக்கு அறிவிச்சுட்டாங்க. அவனோட சேர்த்து எனக்கும். கை மாறினது தெரிஞ்சும் அவன் பேரை எழுதிக்கிட்டேன்னு சொன்னா எனக்கு எங்கேருந்து மெடல் வரும்? வந்ததை யாராவது வேண்டாம்பாங்களா?" என்று சுவரைக் காட்டிச் சிரித்தார். "ஒன்பது நாள் உன் கையைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்டா. சோர்ந்தா தெரியும். பயந்தா தெரியும். ஏழாம் நாள் அழுதுக்கிட்டே தட்டினே, இல்லே?"

மெடல் தலையாட்டினார். அந்த அழுகையை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. தன்னை இவ்வளவு தெரிந்த ஒரு ஜீவன் உலகத்தில் இருந்துகொண்டு, சுவரில் ஒரு ஆணியும் அடித்துக்கொண்டு, நாற்பது வருடம் பேசாமல் இருந்திருக்கிறது. அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் சாட்சிக் கடிதத்தை எழுத வைத்தார். கிழவர் எழுதினார், ஆனால் கை மாறியது தமக்கு அப்போது தெரியாது என்றும், இப்போது மேசையில் தட்டியபோதுதான் உணர்ந்ததாகவும் எழுதினார். அவருடைய பதக்கம் பத்திரமாக இருந்தது.

ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியம் பதினாலு மாதம் கழித்துக் கூப்பிட்டது. நீளமான மேசை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். மெடல் காக்கிச் சட்டையைச் சலவைக்குப் போட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போயிருந்தார். நடுவில் இருந்தவர் அன்பாகவே பேசினார்.

"அந்த ஒன்பது நாளும் செட்டை இயக்கினது நீங்கதானா?"

"நான்தான் சார்."

"வேற யாராவது ஒரு தடவையாவது?"

"யாரும் தொடல சார். நான் மட்டும்தான்."

"லாக் புத்தகத்துல இருக்கற கையெழுத்து?"

"என்னோடது சார். எல்லாப் பக்கமும்."

"பேர்?"

"நெட்டையோட பேர். ஆனா எழுதினது நான் சார்."

"ஆபரேட்டர் பரீட்சை நீங்க எழுதினதில்ல?"

"இல்ல சார். பார்த்தே கத்துக்கிட்டேன்" என்றார், மார்பை நிமிர்த்தி. ஒவ்வொரு பதிலையும் அவர்கள் உடனே எழுதிக்கொண்டதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பது வருடமாக அவர் சொன்னதை ஒருத்தரும் எழுதிக்கொண்டதில்லை. தனக்கான குழியைத் தானே தோண்டிக் கொடுத்து, மண்வெட்டியையும் கழுவி வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் சல்யூட் அடித்து வெளியே வந்தார்.

உத்தரவு தபாலில் வந்தது. மனைவிதான் பிரித்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். மனுதாரர் அந்தக் குன்றில் ஒன்பது நாளும் இருந்தார் என்பது ஏற்கப்படுகிறது. ஆபரேட்டர் இரண்டாம் நாளே இறந்தார் எனப் பதிவு திருத்தப்படுகிறது. அவருக்கு வழங்கிய பதக்கம் திரும்பப் பெறப்படுகிறது. தகுதி இல்லாமல் கருவியை இயக்கியதும், இறந்தவர் பேரில் பொய்யாகப் பதிவு செய்ததும் மனுதாரரின் பணிப் பதிவேட்டில் குற்றமாகக் குறிக்கப்படுகின்றன. மேலதிகாரியின் பரிந்துரை எதுவும் இல்லாததால் பதக்கக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அவள் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள். விரலை வைத்துப் படித்தாள். "அப்போ நிஜமாவே நீங்க மேலதான் இருந்தீங்களா?"

"அதைத்தானே முப்பத்தெட்டு வருஷமா சொல்றேன்."

கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் ஒரு நொடி எதிர்பார்த்தார். என்ன என்று அவருக்கே தெரியாது. "போகாம பீத்திக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "போயும் ஒண்ணுமில்லாம வந்த ஆளுன்னு இப்பத்தான் தெரியுது." காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குரலில் கேலியே இல்லை.

ஒரு மாதம் கழித்து, வாரநாளில் பத்தரை மணிக்கு, நெட்டையின் மனைவி லிஃப்ட் வாசலில் வந்து நின்றாள். கூட யாரும் வரவில்லை. மார்போடு அணைத்து ஒரு துணிப்பை. குடையை அவர் கைநீட்டி வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை.

"ஆறு" என்றாள். இருபது வருடத்தில் அவளுக்கு மாடி சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

மேலே போகும்வரை இரண்டு பேரும் கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது மாடியில் இறக்கிவிட்டார். அதன் பிறகு இரண்டு தடவை எட்டுக்கும், ஒரு தடவை நாலுக்கும் ஆட்களை ஏற்றி இறக்கினார். சூப்பிரண்டு அம்மாள் பதிவேட்டில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்குவாள், பெட்டியைத் திறந்து பார்த்துச் சரிபார்ப்பாள், ரசீது கிழித்துக் கொடுப்பாள். எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். ஆறிலிருந்து மணி அடித்தது. போனார். துணிப்பை மடிந்து அவள் கையில் இருந்தது, அதற்குள் ரசீது.

லிஃப்டில் வேறு யாரும் இல்லை. ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் அவள் கேட்டாள். "எனக்கு வந்த காகிதத்துல ரெண்டாம் நாள்னு மட்டும்தான் போட்டிருக்கு. எப்படிச் செத்தாருன்னு போடல. நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. சொல்லுங்க."

அவரிடம் பதில் இருந்தது. நாற்பது வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில்: ஏரியல் அறுந்து போச்சு அண்ணி, அதைக் கட்டப் போனாரு, கட்டி முடிச்சுட்டுத்தான் விழுந்தாரு. என்றைக்காவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே யோசித்து வைத்தது. பொய்தான், ஆனால் அவள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள், அதோடு மிச்ச நாளைத் தள்ளியிருப்பாள். வாயைத் திறந்தார். ஷெட்டில் தூங்கியவர் என்று முன்வரிசை சிரித்தது எங்கிருந்தோ வந்து முந்திக்கொண்டது.

"ஒண்ணுக்குப் போனாரு அண்ணி" என்றார். "பத்தடி போயிருப்பாரு. பொத்தான்கூடப் போடல."

சொல்லும்போது அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்தபோது, நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அவள் அழவில்லை. துணிப்பையை இன்னும் சின்னதாக மடித்தாள், மறுபடியும் மடித்தாள், உள்ளங்கைக்குள் அடங்கும்வரை மடித்தாள். நாலு போனது, மூன்று போனது, இரண்டு போனது.

தரைத்தளத்தில் நிறுத்திக் கம்பிக் கதவை இழுத்துத் திறந்தார். அவள் வெளியே காலை வைத்தவள், திரும்பி நின்றாள். பேச்சில் சூடே இல்லை. வெகு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவள் போல நிதானமாகச் சொன்னாள்.

"கேப்டன் கடைசி நாள் செத்தாருன்னு போட்டிருந்தாங்க. நீங்களும் அவரோட செத்திருக்கலாம் தம்பி. யாருக்கும் எந்த நஷ்டமும் வந்திருக்காது."

குடையை ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். வெளியே காத்திருந்த ஐந்தாறு பேர் உள்ளே ஏறி நெருக்கியடித்து நின்று, "நாலு", "ஏழு", "ரெண்டு" என்றார்கள். மெடல் கதவைச் சாத்தினார், கைப்பிடியைத் திருப்பினார். யாருக்காவது நஷ்டம் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே மேலே போனார். நெட்டைக்கு இல்லை, அவன் மனைவிக்கு இல்லை. தன் மனைவி வேறு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். நாலாவது மாடி வருவதற்குள் தெரிந்த முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தன்னையும் சேர்த்துத்தான் பார்த்தார். ஒருத்தரும் அகப்படவில்லை.